பதினான்கும் பதினைந்தும்

2 செப்டம்பர் 1985, திங்கள்

இன்றைக்கும் எட்டு மூன்றாக விழுந்தது. இல்லை, மூன்றுதான் எட்டாக விழுந்ததோ என்னவோ. துண்டுக் காகிதத்தை சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, 38-ஆ 33-ஆ என்று பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சொல்லும் கருவி அது. பாட்டரித் தொழிற்சாலை, சாயத் தொழிற்சாலை என்று எங்கெங்கோ வேலை செய்கிறவர்களின் ரத்தம் சின்னப் புட்டிகளில் சிங்கப்பூர் காலாங்கில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. அவர்களுடைய எண்ணைக் குத்துமதிப்பாகப் படிக்க இது என்ன நாலு நம்பர் லாட்டரிச் சீட்டா?

கருவிக்கு ஒரு குறையும் இல்லை. 1974-இல் வந்தது, இன்னும் துல்லியமாக அளக்கிறது. அளந்ததை அச்சடிக்கும் பெட்டிதான் செத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வந்து புலம்பினேன். கணவர் இயேசுதாசன் பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். டிக்கெட்டில் எண் மங்கினால் அன்றைக்கே வேறு இயந்திரம் கொடுத்துவிடுவார்களாம். பெருமையாகச் சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

5 செப்டம்பர், வியாழன்

கருவியை விற்ற ஏஜென்டிடமிருந்து கடிதம். அந்த அச்சுப்பெட்டிக்கு உதிரிப் பாகங்கள் செய்வதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறதாம். கூடவே புதுக் கருவியின் வண்ணப் படப் புத்தகம் ஒன்று. பொருளாதார மந்தம் என்று சொல்லி ஜூலையில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிய இடத்துக்கு இதை அனுப்ப அவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

9 செப்டம்பர், திங்கள்

மேலாளர் பரமசிவம் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்மயம். அவர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் உறை போட்டபடி ஆறு மாதமாக உட்கார்ந்திருக்கிறது, கடிதம் அடிக்க வாங்கியது. அச்சுப்பெட்டிக்குப் போவதை அதற்குத் திருப்பிவிட்டால் போதும் என்கிறார். திருப்பிவிட இது வாய்க்கால் தண்ணீரா?

யார் திருப்பிவிடுவது என்று கேட்டிருக்கக் கூடாது. போன வருடம் சமூக நிலையத்தில் 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போனது நான் ஒருத்திதானாம். சான்றிதழைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியது யார்? நானேதான்.

அச்சுப்பெட்டி இன்று மாலை முழுசாக நின்றுபோனது. ஏழுகளைக்கூட அடிக்க மறுத்துவிட்டது.

14 செப்டம்பர், சனி

சிம் லிம் டவர். சேக் தாவூது முன்பு சுங்கை ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், இப்போது மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறார். இருபத்தைந்து கால் உள்ள செருகி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் நமக்கு மூன்று நான்கு கால் போதும், மற்றதெல்லாம் சும்மா என்றார். அப்படியானால் மற்றதை ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கருவியின் கையேட்டில் அச்சுப்பெட்டிக்கான பக்கங்களைக் காணோம். யாரோ கிழித்திருக்கிறார்கள். பதினொரு வருடத்தில் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்! யாரைப் போய்த் திட்ட?

17 செப்டம்பர், செவ்வாய்

கம்பி போட்டாயிற்று. கருவியை ஓட்டினேன். திரையில் கட்டம், கோடு, கிரேக்க எழுத்து, நடுவில் ஒரு சிரித்த மூஞ்சி. சத்தியமாகச் சிரித்த மூஞ்சிதான், இரண்டு கண், ஒரு வாய். அரை மணி நேரம் வேறு வேறு விதமாக முயன்றேன். மூஞ்சிகள் கூடினவே தவிர எண் ஒன்றும் வரவில்லை. பரமசிவம் எட்டிப் பார்த்து, ஏதோ வருகிறதே, நல்ல முன்னேற்றம் என்றார்.

18 செப்டம்பர், புதன்

மூஞ்சிகள்.

20 செப்டம்பர், வெள்ளி

தாவூது நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர். கருவி மெதுவாகப் பேசுகிறது, கம்ப்யூட்டர் வேகமாகக் கேட்கிறது, அதுதான் கோளாறு என்றார். வேகத்தைக் குறைத்தவுடன் மூஞ்சிகள் போய் முதன்முதலாக ஓர் எண் வந்தது. ஒன்றே ஒன்று. பிறகு கருவி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினோம், மறுபடி ஒரே ஒரு வரி.

காரணம் பிடிபடச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு வரி அனுப்பிவிட்டு, அச்சுப்பெட்டி "நான் தயார், அடுத்தது அனுப்பு" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறது கருவி. கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. தாவூது செருகியைக் கழற்றி, உள்ளே இரண்டு கால்களை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்ற வைத்தார்.

"இனிமே இது எப்பக் கேட்டாலும் தயார்னுதான் பதில் வரும்க்கா. பொய்தான், ஆனா வேலை நடக்கும் லா."

நடந்தது. எண்கள் மடமடவென்று இறங்கின. கைகூடத் தட்டினேன்.

21 செப்டம்பர், சனி

பழைய துண்டுக் காகிதத்தில் எண்கள் தலைகீழாக இருக்கும். ஒன்றாம் ஆள் அடியில், இருபதாம் ஆள் உச்சியில். பதினொரு வருடமாகக் கீழிருந்து மேலே படித்தே பழகிவிட்டோம். திரையிலோ ஒன்று, இரண்டு, மூன்று என்று மனிதர் எழுதுவதுபோல் மேலிருந்து கீழே வருகிறது. ஒரு வரியில் ஆளின் எண், ஒரு வரியில் அளவு, மறுபடி எண், மறுபடி அளவு. ஆரம்பத்தில் மட்டும் ஓர் அளவு தனியாக, எண் இல்லாமல் வந்தது. கருவி சூடாகும்போது துப்பிய குப்பையாக இருக்கும்.

இனி புரோகிராம் எழுத வேண்டும். எண் வந்தால் எடுத்துக்கொள், அதற்கடுத்து வரும் அளவை அதன் பக்கத்தில் போடு, ஆளின் பெயரைச் சேர்த்து அச்சடி. அவ்வளவுதான்.

28 செப்டம்பர், சனி

அவ்வளவுதான் என்று எழுதியவள் வாயில் மிளகாயைத் தேய்க்க வேண்டும். ஒரு வாரம். நாற்பத்தொரு வரி. ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்கு இரண்டு நாள். ஆனால் ஓடுகிறது. பெயர், எண், அளவு, வரம்பைத் தாண்டினால் பக்கத்தில் நட்சத்திரம். பச்சைக் கோடு போட்ட அகலக் காகிதத்தில் கச்சேரி நிகழ்ச்சி நிரல் மாதிரி அழகாக வருகிறது.

நாற்பத்து மூன்று வயதில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். பிரிஜட், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் நீ.

1 அக்டோபர், செவ்வாய்

கடைசி ஆள் வருவதில்லை. பத்துப் புட்டி வைத்தால் ஒன்பது பேருக்கு அளவு வருகிறது, பத்தாவது ஆளின் பெயருக்கு எதிரே வெறுமை. பன்னிரண்டு வைத்தால் பன்னிரண்டாவது வெறுமை. ஏன் இப்படி உயிரை வாங்குகிறது? தாவூதுக்குப் போன் செய்தேன். கடைசி வரி கம்பியிலேயே தங்கிவிடும், பின்னால் ஏதாவது வந்து தள்ளினால்தான் வெளியே வரும் என்கிறார். குழாயில் நிற்கும் தண்ணீர் போலவாம். இருக்கலாம்.

3 அக்டோபர், வியாழன்

தீர்த்துவிட்டேன். கடைசி ஆளின் ரத்தத்தையே இரண்டு புட்டியில் வைத்தேன். இரண்டாவது புட்டி முதலாவதைத் தள்ளிவிடுகிறது. கடைசி ஆளின் அளவு ஒழுங்காக வந்தது. கருவியின் முகப்பில் அளவு காட்டும் முள்ளிலும் பார்த்துக்கொண்டேன், முள் 27, காகிதத்தில் 27. நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் கடைசி ஆள் சரி.

பரமசிவத்திடம் சொன்னதும், இந்தக் கருவிக்கு இன்னும் பத்து வருடம் ஆயுள் என்றார். என்னுடைய ஆயுள் போனதைப் பற்றிக் கேட்கவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

முதல் நிஜ வேலை. பாட்டரித் தொழிற்சாலையிலிருந்து இருபத்து நான்கு பேரின் ரத்தம். பழைய பாட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் இடம் அது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவார்கள். அவர்கள் வரம்பு எண்பது. தாண்டினால் ஈய வேலையிலிருந்து ஆளை விலக்க வேண்டும்.

தெரிந்த அளவுள்ள கரைசலை வைத்து, முள்ளைப் பார்த்து, குமிழைத் திருகிச் சரி செய்த பிறகுதான் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிட்டேன். கடைசி ஆளுக்கு இரண்டு, ஆக இருபத்தைந்து புட்டி. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. முன்பெல்லாம் துண்டுகளை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதி, ஒரு நாள் ஆகும். ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தது. பதினான்காம் எண், மருதப்பன், 94.

கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று.

11 அக்டோபர், வெள்ளி

பரமசிவம் யாரோ மூன்று பேரை அழைத்து வந்து காட்டினார். அவரே செய்ததுபோல் பேசினார். நான் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

28 அக்டோபர், திங்கள்

மருதப்பன் என்று ஒருவர் வரவேற்பு மேசையில் நிற்கிறார் என்றார்கள். பெயர் நினைவில் இல்லை. கையில் பச்சைக் கோட்டுக் காகிதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முப்பது வயது இருக்கும். எல்லைக்கு அப்பால் மலேசியாவில், ஜொகூர் பாருவில் வீடு, தினமும் விடியற்காலை உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாக வந்து போகிறவர். ஈய வேலையிலிருந்து விலக்கி வேறு வேலை தருவதுதான் வழக்கமாம். இப்போது மந்தம் அல்லவா, வேறு வேலை இல்லை என்று ஆளையே நிறுத்திவிட்டார்கள். இங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் இந்த மாதக் கடைசியோடு சரி. வியாழக்கிழமை.

"நான் லோரி ஓட்டுறவன்மா. ஈயத்தைத் தொட்டதே கிடையாது. வண்டிய விட்டு எறங்குனா கேன்டீன், கேன்டீன விட்டா வண்டி. என் ரத்தத்துல எப்படி இவ்வளவு வரும்?"

அதையெல்லாம் கம்பெனி டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். கேட்டாராம், கருவி பொய் சொல்லாது என்றாராம். நானும் அதையேதான் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன், காலையிலிருந்து நாற்பது புட்டி காத்துக் கிடந்தது. அவர் சண்டை போடவில்லை. இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். அதற்குக் கம்பெனி கடிதம் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

லோரி ஓட்டுகிறவர்.

30 அக்டோபர், புதன்

காலையில் முதல் வேலையாக ஆகஸ்டு மாதத்துப் புத்தகத்தை எடுத்தேன். மருதப்பன் 19. ஒரு லோரி ஓட்டுநருக்கு இரண்டு மாதத்தில் 19 எப்படி 94 ஆகும்? அனுப்பும்போதே இதை ஏன் பார்க்கவில்லை? புத்தகம் அலமாரியில் இருந்தது. பச்சைக் காகிதம் வந்த பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

அக்டோபர் ரத்தம் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது, ஒரு மாதம் வைத்திருப்போம். பதினான்காம் புட்டியை எடுத்துத் தனியாக வைத்து முள்ளைப் பார்த்தேன். 21.

புட்டி மாறியிருக்குமோ என்று பதின்மூன்றை வைத்தேன். முள் 44, காகிதத்தில் 21. பதினைந்தை வைத்தேன். முள் 94 வரை போய் நின்றது. காகிதத்தில் பதினைந்துக்கு 30. பதினாறை வைத்தேன், முள் 30.

எல்லாருக்கும் அடுத்தவருடைய அளவு. இருபத்து நான்கு பேருக்கும். முதல் ஆளின் அளவை "குப்பை" என்று தள்ளியிருக்கிறேன். கடைசி ஆளுக்கு மட்டும் சரி, ஏனென்றால் அவருக்குப் பின்னால் நின்றதும் அவரே.

பழைய புத்தகத்தில் ஒட்டிய துண்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அச்சுப்பெட்டியிலிருந்து காகிதம் கீழ்நோக்கித் தொங்கும். முதலில் அடித்தது அடியில் போகும், பிறகு அடித்தது அதற்கு மேலே. துண்டில் ஆளின் எண் மேலே, அளவு கீழே. அப்படியானால் கருவி முதலில் அனுப்புவது அளவை. எண்ணைப் பிறகுதான் அனுப்புகிறது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று பதினொரு வருடம் தெரிந்தவள் நான். திரையில் எண்கள் வந்த மறுநாளே இதை எழுதியும் வைத்தேன், இந்த நோட்டிலேயே. எழுதிவிட்டு, மனிதர் எழுதுவதுபோல் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

கடைசி ஆள் வரவில்லை என்று அது ஒழுங்காகச் சொல்லத்தான் செய்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

பதினைந்தாம் எண், நாகூர் கனி. உலையில் ஈயம் உருக்குகிறவர். ஆகஸ்டில் 71. அவருக்கு ஒன்றும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அவர் மூன்று வாரமாக உலையில் நிற்கிறார்.

31 அக்டோபர், வியாழன்

பரமசிவத்திடம் இன்று சொல்லவில்லை. முழுசாக ஒருமுறை எல்லாப் புட்டியையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை. அதுதான் முறை. ஓட்டினேன். நேற்றுப் பார்த்ததேதான்.

இரண்டு பேரை ஜூலையில் அனுப்பினார்கள். மூன்றாவது யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

1 நவம்பர், வெள்ளி

சகல புனிதர் திருநாள். பாதி நாள் விடுப்பு, லூர்து மாதா கோவிலில் பூசை. பரமசிவம் வேறு வெளியே கூட்டத்துக்குப் போயிருந்தார். திங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

மருதப்பனின் பெர்மிட் நேற்றோடு முடிந்தது.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். பிடாடாரியில் அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி. இயேசுதாசன் என்ன யோசனை என்று கேட்டார். சொன்னேன். அந்த உலைக்காரர் இன்னைக்கும் வேலைக்குப் போயிருப்பாரா என்றார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது என்றால் பொய். நேற்றும் உறைத்தது, முந்தாநாளும் உறைத்தது.

தொழிற்சாலையின் போன் எண் என் கைப்பையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கே யார் எடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

4 நவம்பர், திங்கள்

சொன்னேன். பரமசிவம் கதவைச் சாத்தினார். காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டிசம்பர்ல மறுபடியும் எடுக்கத்தான் போறாங்க பிரிஜட். அப்ப சரியான நம்பர் தானா வந்துடும். இப்பப் போய்ச் சொன்னா அந்தக் கான்ட்ராக்ட் போச்சு. உங்க வேலையும் போச்சு. கையெழுத்து உங்களோடது, என்னோடது இல்ல."

டிசம்பர் வரை நாகூர் கனி உலையில் நிற்பார் என்றேன். அதுக்கு முன்னாடியும் நின்னவர்தானே என்றார். இந்த மனுஷன் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பெருமாள் கோவிலுக்குப் போகிறார், எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. நான் மட்டும் என்ன? ஐந்து நாள் வாயைத் திறக்காமல்தானே இருந்தேன். அவராவது இன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

5 நவம்பர், செவ்வாய்

விடுப்பு சொல்லிவிட்டு ஜூரோங்குக்கு பஸ் ஏறினேன். இருபத்து நான்கு பேருக்கும் சரியான அளவைக் கையால் எழுதி, கீழே தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலை வாசலில் பணியாளர் பிரிவு அதிகாரி வாங்கிப் படித்தார். ஒரு விரலால் பட்டியலில் இறங்கி வந்து பதினைந்தில் நின்றார்.

நாகூர் கனி மருத்துவமனையில் இருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் வயிற்று வலி தாங்காமல் உலைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். குடல்வால் என்று நினைத்துச் சனிக்கிழமை காலையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே ஒன்றும் இல்லையாம்.

ஈயம் ஏறினால் அப்படித்தான் வலிக்கும். எந்த டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார். கேட்டிருக்கிறார்கள். அவர் பையிலிருந்த பச்சைக் கோட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் 30.

நான் புதன்கிழமை கண்டுபிடித்தேன். வியாழன். வெள்ளி. சனி காலை. ஒரே ஒரு போன்.

6 நவம்பர், புதன்

மருத்துவமனை. முதலில் வார்டு டாக்டரைப் பிடித்துச் சரியான அளவைக் கொடுத்தேன். சின்னப் பெண், சீனப் பெண். படித்துவிட்டு என்னை ஒரு நொடி பார்த்தாள், பிறகு வேகமாகப் போய்விட்டாள். ஈயத்தை ரத்தத்திலிருந்து இழுக்கும் மருந்தை இன்றைக்கே ஏற்றத் தொடங்கினார்கள்.

அப்படியே வந்துவிடலாம் என்று லிப்ட் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன்.

ஐம்பது வயதுக்காரர், நரைத்த தாடி. தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு துணி மாதிரித் தொங்கியது, தூக்க முடியவில்லை. என்னை ஏதோ மருத்துவமனை ஆள் என்று நினைத்துக்கொண்டு, பேப்பர்ல ஒண்ணும் இல்லன்னு போட்டிருந்துச்சும்மா, அதனாலதான் வயித்தக் கீறிப் பாத்தாங்க, அவங்க மேல குத்தம் இல்ல என்றார்.

அந்தப் பேப்பர் நான் போட்டது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண், அளவு, முன்னால், பின்னால். எப்படிச் சொன்னேனோ தெரியாது, அழுதுகொண்டேதான் சொன்னேன். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். தம்பி எழுந்து நின்றுவிட்டார். இவர் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அப்ப அந்த லோரி ஓட்டுற மருதப்பன் என்னோட நம்பருக்கா வேலைய விட்டுப் போனான்?"

ஆமாம் என்றேன்.

9 நவம்பர், சனி

பரமசிவத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒப்பந்தம் ரத்து. என்னைக் கூப்பிடவில்லை. வராந்தாவில் எதிரே வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

11 நவம்பர், திங்கள்

புரோகிராமைத் திருத்தினேன். இரண்டு வரியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. எட்டு நிமிடம் ஆனது. அக்டோபர் எட்டுக்குப் பிறகு மற்ற இடங்களுக்குப் போன அளவுகளையும் மறுபடி எடுத்துத் திருத்தி அனுப்பினேன், அவற்றில் வரம்பைத் தாண்டியவர் யாரும் இல்லை.

ஒரு புட்டியை இரண்டு முறை வைக்கத் தேவையில்லை இப்போது. கடைசி ஆள் தானாக வருகிறார்.

24 நவம்பர், ஞாயிறு

ஜொகூர் பாரு. மருதப்பன் முகவரியைத் தொழிற்சாலையில் கெஞ்சி வாங்கினேன். இயேசுதாசனும் கூட வந்தார். சுங்கத்தில் ஒரு மணி நேரம் வரிசை. வாடகை வீடு, வாசலில் சின்னச் சைக்கிள். அவருடைய அளவு 21 என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். இதைக் காட்டினால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அவர் ஏற்கெனவே போய்க் கேட்டுவிட்டார். அந்த லோரியை வேறு ஆள் ஓட்டுகிறானாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை என்று குடித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் இயேசுதாசன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இருபது வருடத்தில் வெளியிடத்தில் அப்படிச் செய்தவரில்லை.

18 டிசம்பர், புதன்

தேக்கா சந்தையில் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் போனேன். மாவு, சர்க்கரை, முந்திரி. பட்டியல் கையில் இருந்தும் பாதி மறந்து வந்தேன். பக்கத்து பிளாக் ஆனி, ஏன் இந்த வருடம் உங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை என்று கேட்டாள். நட்சத்திரம் என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை இப்போது.

15 ஜனவரி 1986, புதன்

கடிதம் வந்தது. மந்தம் காரணமாக ஆள் குறைப்பு. பிப்ரவரி 28 கடைசி நாள். தவறு, தண்டனை என்று ஒரு சொல் இல்லை. பதின்மூன்று வருடச் சேவைக்கு நன்றி என்று இருக்கிறது. பரமசிவமே அடித்திருக்கிறார், அந்தக் கம்ப்யூட்டரில்தான். ஓரம் வெட்டி ஒழுங்காக இருக்கிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்தது. அதுவும் யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு சட்டியின் கைப்பிடி உடைந்தது.

3 பிப்ரவரி, திங்கள்

இருபத்து மூன்று நாள் வேலை மிச்சம். சீனப் புத்தாண்டு விடுமுறை போனால் இருபத்தொன்று. கையேட்டில் கிழிந்துபோன பக்கங்களுக்குப் பதிலாக நானே எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கால் எதற்கு, எந்த வேகம், எது முதலில் வரும், எது பின்னால். முதல் வரியில் சிவப்பு மையில் எழுதினேன்: அளவு முதலில் வரும், எண் பிறகு வரும். அடியில் 8.10.85 அன்று என்ன நடந்தது என்று பெயர்களோடு எழுதினேன். பரமசிவம் அதைக் கிழித்துவிடுவாரோ என்னவோ. கிழித்தால் கிழிக்கட்டும், இன்னொரு பிரதி அலமாரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

20 பிப்ரவரி, வியாழன்

நாகூர் கனி வந்தார். சொல்லாமல்தான் வந்தார். தம்பி வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். இந்த முறை ஒரு புட்டியைக் கேட்டு வாங்கி இங்கே கொண்டுவந்திருக்கிறார். ஏன் இங்கே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. தொழிற்சாலையில் இப்போது வாசலில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கிற வேலையாம். உலைப் பக்கம் போவதில்லை.

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. விட்டேன். இன்னும் எட்டு நாளில் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? கரைசல் வைத்து, குமிழைத் திருகி, முள்ளைச் சரி செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்தே வைத்தேன். அவரைக் கருவிக்கு நேராக நிற்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே அவர் புட்டியை வைத்தேன். முள் மெதுவாக ஏறி நின்றது. என்ன காட்டுகிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அம்பத்திரண்டு."

புத்தகத்தைத் திறந்து வைத்தேன். பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதப் போனவளிடம், கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். வலது மணிக்கட்டு இன்னும் முழுசாக நிமிரவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். பேனா ஒருமுறை நழுவியது. நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. இனிமே என் நம்பரை நானே எழுதிக்கிறேன்."

ஐந்தும் இரண்டும் எழுத அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு பெயரை எழுதினார். பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் தேதி மட்டும் போட்டேன்.